கருங்கோட்டையின் ஊர் – 7: ஏலம் போன கோபுரம்

மாட்சுமோட்டோ கோட்டையின் தலைமைக் கோபுரம் 1872ஆம் ஆண்டு ஏலத்துக்கு வந்தது. பழைய நாணயக் கணக்கில் 235 ரியோவும் கொஞ்சம் சில்லறையும் என்று விலை படிந்தது. வாங்கியவர் கோபுரத்தைப் பிரிக்கலாம். மரத்தை மரமாகவும் இரும்பை இரும்பாகவும் விற்றுக்கொள்ளலாம். 280 ஆண்டுகளுக்குச் சற்றே குறைவான வயதுள்ள ஒரு கட்டடம் அத்தோடு முடிந்துபோயிருக்க வேண்டும். முடியவில்லை. அது ஏன் முடியவில்லை என்பதே இந்தப் பகுதி.

இதுவரை நடந்தது சுருக்கமாக: மத்திய ஜப்பானில், வடக்கு ஆல்ப்ஸ் மலைகளுக்குக் கிழக்கே, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 590 மீட்டர் உயரத்தில் உள்ள சமவெளி இது. இங்கே 1504இல் ஃபுகாஷி என்ற சிறு கோட்டை எழுந்தது. 1550இல் தகேதா ஷிங்கென் அதைப் பிடித்தார். 1582இல் ஒகஸவரா சதயோஷி அதை மீட்டு மாட்சுமோட்டோ என்று பெயரிட்டார். 1590இல் வந்த இஷிகவா கசுமாசாவும் அவர் மகன் யசுனாகாவும் கருப்பு அரக்குப் பூசிய பலகைச் சுவர்களோடு பெரிய கோபுரத்தை எழுப்பினார்கள். இஷிகவாக்கள் உட்பட 6 குடும்பங்களைச் சேர்ந்த 23 பிரபுக்கள் இங்கிருந்து ஆண்டார்கள். கடைசியாக வந்த தொதா குடும்பம் 1726 முதல் ஆட்சியில் இருந்தது. 1868இல் கியோட்டோவில் பேரரசரின் புதிய அரசு அமைந்தபோது, தொதா மிட்சுஹிசா அதன் பக்கம் சேர்ந்தார். சென்ற பகுதி அங்கே நின்றது.

சொந்தக்காரர் இல்லாத கோட்டை

பிரபுக்கள் போரில் தோற்று ஊரை இழக்கவில்லை. ஓர் அரசாணையில் இழந்தார்கள்.

1869இல் நிலத்தையும் குடிகளையும் பேரரசரிடம் ஒப்படைக்கும்படி பிரபுக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். ஒப்படைத்தவர்களே தங்கள் சமஸ்தானங்களுக்கு ஆளுநர்களாக அமர்த்தப்பட்டார்கள். பெயர்தான் மாறியது, வாழ்க்கை மாறவில்லை என்று பலரும் நினைத்திருக்கலாம். அந்த நினைப்பு இரண்டு ஆண்டுதான் நீடித்தது. 1871இல் 261 சமஸ்தானங்களும் ஒரே ஆணையில் ஒழிக்கப்பட்டன. பழைய பிரபுக்கள் டோக்கியோவுக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களின் இடத்துக்கு மத்திய அரசு அனுப்பிய அதிகாரிகள் வந்தார்கள்.

மாட்சுமோட்டோ சில மாதங்கள் தனி மாகாணமாக இருந்தது. அதே ஆண்டின் இறுதியில் மாகாணங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டபோது, மாட்சுமோட்டோ இருந்த பழைய ஷினானோ நாட்டின் தென்பாதியும் மலைக்கு அந்தப் பக்கத்து ஹிதா நாடும் இணைந்து சிகுமா மாகாணம் உருவானது. அதற்கு மாட்சுமோட்டோ தலைநகர். கோட்டையின் இரண்டாம் வளாகத்தில் இருந்த பழைய அரண்மனை மாகாண அலுவலகமாக மாறியது.

ஆக, ஊருக்குக் குறை ஒன்றும் வரவில்லை. ஒரு சிறு சமஸ்தானத்தின் இருப்பிடம் பெரிய மாகாணத்தின் தலைநகராக உயர்ந்திருந்தது. குறை வந்தது கோட்டைக்கு. அரண்மனைக்கு எழுத்தர்களும் கோப்புகளும் வந்துவிட்டன. கோபுரத்துக்கு என்ன வேலை?

உண்மையில் கோபுரத்துக்கு நீண்ட காலமாகவே வேலை இல்லை. பிரபு அதில் குடியிருந்ததில்லை, அரண்மனையில்தான் இருந்தார். போர்க்காலத்துக்கென்று கட்டப்பட்டது அது. வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து கூரை, உள்ளே ஆறு தளம். மூன்றாம் தளம் ஜன்னலே இல்லாத இருட்டறை. வெளியே நிற்கும் எதிரிக்கு அப்படி ஒரு தளம் இருப்பதே தெரியாது. படிகளின் சாய்வு ஓரிடத்தில் 61 பாகை; கையை ஊன்றாமல் ஏறுவது கடினம். சுவர் நெடுக அம்பு எய்யவும் துப்பாக்கி சுடவும் துளைகள். அந்தத் துளைகள் வழியே ஒரு முற்றுகையில்கூட யாரும் சுட நேரவில்லை. அமைதி வந்தபின் ஒரு பிரபு, டோகுகாவா இயேயாசுவின் பேரன் மட்சுதைரா நவோமாசா, 1630களில் நிலா பார்ப்பதற்கென்றே ஒரு திறந்த மாடத்தைப் பக்கத்தில் சேர்த்துக் கட்டினார். மற்றபடி ஆயுதங்களையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் வைக்கும் கிடங்காகவே கோபுரம் பல தலைமுறைகளைக் கழித்தது.

இப்போது அதைப் பராமரிக்கும் செலவை ஏற்க ஆள் இல்லை. புதிய அரசின் கண்ணில் கோட்டைகள் பழைய ஆட்சியின் மிச்சங்கள். அவற்றைக் காப்பாற்றுவதால் லாபம் இல்லை, இடிப்பதால் இடமும் பணமும் கிடைக்கும். நாடெங்கும் ஏலம் நடந்தது. ஹிமெஜி கோட்டைக் கோபுரத்துக்குக் கிடைத்தது 23 யென்னும் சில்லறையும்தான் என்று சொல்லப்படுவதுண்டு. மாட்சுயே கோட்டையின் கோபுரம் 180 யென்னுக்குப் போக, இஸுமோவைச் சேர்ந்த வசதியான விவசாயி கத்சுபே மோட்டோஎமோன் அதே தொகையைக் கட்டி அதை மீட்டார். மீட்க ஆள் இல்லாத ஊர்களில் கோபுரங்கள் விறகாயின. எடோ காலத்திலோ அதற்கு முன்போ கட்டப்பட்டு இன்றுவரை நிற்கும் கோபுரங்கள் ஜப்பான் முழுவதிலும் 12தான்.

இடிக்கப் பழகிய ஊர்

மாட்சுமோட்டோ மக்கள் கோபுரத்துக்காகக் கண்ணீர் விட்டுத் திரண்டார்கள் என்று கதை சொல்வது எளிது. அன்றைய ஊர் அந்த மனநிலையில் இல்லை.

ஊராருக்குக் கோட்டை என்பது அகழிக்கு அப்பால் இருந்த ஒன்று. மூன்று அகழிகளுக்கு உள்ளே பிரபுவும் சாமுராய்களும். வெளியே ஹொன்மாச்சி, நகாமாச்சி, ஹிகாஷிமாச்சி என்ற மூன்று பெரிய தெருக்களில் வணிகர்களும் கைவினைஞர்களும். நெசவுத் துணி விற்பவரும் சாக்கே மது காய்ச்சுபவரும் அந்தக் கோபுரத்தின் நிழலிலேயே பிறந்து வளர்ந்து இறந்தார்கள். உள்ளே கால் வைத்ததில்லை. சுற்றுவட்டார விவசாயிகளின் நினைவு இன்னும் கசப்பானது. 1686இல் வரிநெல்லைக் கூட்டியதை எதிர்த்துத் ததா கசுகே என்பவரின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் கோட்டை வாசலுக்கு வந்து நின்றதும், கொடுத்த வாக்கு மீறப்பட்டு அவர் உட்பட 28 பேர் கொல்லப்பட்டதும் இந்தத் தொடரில் முன்பே பார்த்தவை. அந்தக் கோபுரம் போனால் போகட்டும் என்று ஒரு கிராமத்தான் நினைத்திருந்தால் அதில் தவறு சொல்ல முடியாது.

மேலும், ஊர் அப்போதுதான் ஒரு பெரிய இடிப்பைக் கண்டிருந்தது. புத்த மதத்தையும் ஷிந்தோவையும் பிரிக்கும் அரசின் கொள்கையைக் கடைசிப் பிரபு தொதா மிட்சுஹிசா மிகக் கடுமையாக நிறைவேற்றினார். 1870இல் தன் சொந்தக் குடும்பக் கோயிலான ஸென்கியூஇன்னிலிருந்தே தொடங்கினார். சமஸ்தானத்தின் புத்த கோயில்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. துறவிகள் துறவைக் கைவிடும்படி நெருக்கப்பட்டார்கள். எதிர்த்து நின்ற சில துறவிகளின் உறுதியால்தான் மிச்சம் தப்பியது. தலைமுறை தலைமுறையாக மூதாதையரின் சாம்பலைக் காத்த கோயில்களே இல்லாமல் போன ஊரில், ஒரு பழைய ஆயுதக் கிடங்கு விலைக்குப் போவது பெரிய செய்தி அல்ல.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் அடுத்து நடந்ததன் அருமை விளங்கும்.

இச்சிகவா ரியோஸோவின் மனு

இச்சிகவா ரியோஸோ 1844இல் பிறந்தவர். ஏலம் நடந்தபோது வயது முப்பதுகூட ஆகவில்லை. சாமுராய் அல்ல, கோட்டைக்கு வெளியே ஷிமோயொகோட்டா தெருவின் பொறுப்பாளர்களில் ஒருவர். பழைய காலமாக இருந்திருந்தால், கோட்டையின் எதிர்காலம் பற்றி அவர் வாய் திறந்திருக்கவே முடியாது.

ஆனால் இது 1872. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் இச்சிகவாவும் அவருடைய நண்பர்களும் ‘ஷின்பி ஷின்புன்’ என்ற செய்தித்தாளைத் தொடங்கினார்கள். மாட்சுமோட்டோவின் முதல் செய்தித்தாள் அது. மாகாணம் என்ன ஆணை போட்டது, தலைநகரில் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் தெருவில் இருப்பவன் படிக்க வேண்டும் என்ற எண்ணம் கொண்ட மனிதர் அவர். புதிய காலத்தை அவர் வெறுக்கவில்லை. பழையதைக் காப்பாற்றியவர் பழமைவாதி அல்ல என்பதைக் குறித்துக்கொள்வது முக்கியம்.

கோபுரத்தைக் காக்க அவர் பிரபுவின் பெருமையைப் பேசவில்லை. கோபுரத்துக்கு ஒரு வேலையைக் கண்டுபிடித்தார்: பொருட்காட்சி.

அது அப்போது நாட்டையே பற்றிக்கொண்டிருந்த புதுமை. 1871இல் கியோட்டோவில் ஒன்று நடந்தது. 1872 மார்ச்சில் டோக்கியோவின் யுஷிமாவில் அரசே நடத்தியது. நகோயா கோட்டையின் உச்சியிலிருந்து இறக்கிய பொன்மீனைப் பார்க்கவே கூட்டம் அலைமோதியது. மக்கள் காசு கொடுத்து அரிய பொருள்களைப் பார்ப்பார்கள், அதனால் அறிவும் தொழிலும் வளரும் என்று அரசு நம்பியது. இச்சிகவா அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டார். இடிப்பைத் தள்ளிவையுங்கள், அதுவரை கோபுரத்தைப் பொருட்காட்சிக்கு விடுங்கள், வரும் வருவாயில் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாகாண அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தார்.

மனுவைப் பெற்ற அலுவலகத்தின் தலைமையில் இருந்தவர் நகயாமா மொரிதேரு. தெற்கே சட்சுமாவிலிருந்து வந்தவர். மாட்சுமோட்டோவின் பழைய பிரபுக்களோடு அவருக்கு எந்த ஒட்டும் இல்லை. அவருடைய உயிர்மூச்சு கல்வி. கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி மன்றாடிய அதிகாரி அவர். கோட்டையைக் காக்கிறோம் என்று யாராவது போயிருந்தால் அவர் காதில் விழுந்திருக்குமா என்பது சந்தேகம். மக்களின் அறிவை வளர்க்கிறோம் என்று இச்சிகவா போனார். அனுமதி கிடைத்தது.

1873 நவம்பர்

உள்வளாகத்தின் கதவுகள் 1873 நவம்பரில் ஊருக்குத் திறந்தன.

காட்சிக்கு வைத்தவற்றில் பழங்கலைப் பொருள்கள் இருந்தன, கைத்தொழில் பொருள்கள் இருந்தன, ஊருக்குப் புதிதான அதிசயங்களும் இருந்தன. ஆனால் வந்தவர்கள் பார்த்த மிகப் பெரிய பொருள் கோபுரம்தான். அதன் படிகளில் அவர்கள் ஏறினார்கள். ஆறாம் தளத்தின் உச்சியில், கூரையின் உத்தரங்களுக்கு நடுவே, கோட்டையின் காவல் தெய்வமாக வணங்கப்பட்ட இருபத்தாறாம் நாள் நிலவின் தெய்வத்துக்கு ஒரு சிறு மாடம் உண்டு. அதற்குக் கீழே நின்று நாலு பக்கமும் பார்த்தால் மேற்கே ஆல்ப்ஸ் தெரியும். தெற்கே மெதோபா ஆறும் அதை ஒட்டிய தெருக்களும் தெரியும். தங்கள் வீட்டுக் கூரையைப் பிரபுவின் இடத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு இந்த ஊர்க்காரர்களுக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

திருப்புமுனை அங்கேதான். மனுவும் அனுமதியும் இடிப்பைத் தள்ளித்தான் வைத்தன. அந்த நவம்பரில் உள்ளே வந்துபோன கூட்டம்தான் கோபுரத்தின் பொருளை மாற்றியது. ஆண்டவர்களின் கோட்டையாக இருந்தது, ஊரின் கோட்டையாகத் தொடங்கியது. பொருட்காட்சி வருவாயைக் கொண்டு கோபுரம் ஏலம் எடுத்தவரிடமிருந்து திரும்ப வாங்கப்பட்டது. 1876 வரை மொத்தம் ஐந்து பொருட்காட்சிகள் அங்கே நடந்தன.

கட்டடத்தின் அழகைப் பாராட்டியோ தொன்மையைப் போற்றியோ அல்ல, அதற்குப் பயன் இருக்கிறது என்று காட்டி இச்சிகவா அதைக் காப்பாற்றினார். இது அவருடைய பெருமையைக் குறைப்பதாகாது. தொன்மைக்கு மதிப்பு இல்லாத ஒரு பத்தாண்டில் வேறு எந்த வாதமும் செல்லுபடியாகியிருக்காது.

கோயில் மரத்தில் ஒரு பள்ளி

அதே ஆண்டுகளில், கோட்டைக்குத் தெற்கே ஆற்றங்கரையில் ஊர் இன்னொன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் அந்தக் காலத்து மாட்சுமோட்டோவைப் புரிந்துகொள்ள முடியாது.

1872இல் அரசு நாடெங்கும் பள்ளிகள் வேண்டும் என்று கல்வி ஆணை வெளியிட்டது. மாட்சுமோட்டோவின் கைச்சி பள்ளி 1873 மே மாதம் தொடங்கியது. இடம், பிரபு முதலில் மூடிய அதே ஸென்கியூஇன் கோயில். அங்கே புதுக் கட்டடம் எழுப்பும் பொறுப்பு உள்ளூர்த் தலைமைத் தச்சர் ததேஇஷி செய்ஜூவிடம் வந்தது. வயது நாற்பதைத் தாண்டியவர். மேலைநாட்டுக் கட்டடக்கலையை யாரிடமும் பயின்றவர் அல்ல. டோக்கியோவுக்குப் போய், அங்கே எழுந்திருந்த புது மாதிரிக் கட்டடங்களைக் கண்ணால் பார்த்து, கையால் வரைந்துகொண்டு திரும்பினார்.

அவர் கட்டியது 1876 ஏப்ரலில் முடிந்தது. வெள்ளைச் சுவர்கள், மூலைகளில் கல் அடுக்கியதுபோல் காட்டும் சுண்ணப்பூச்சு, உச்சியில் எண்கோண மாடம். வாசலுக்கு மேலே பள்ளியின் பெயர்ப் பலகையை இரண்டு சிறகு முளைத்த குழந்தைகள் பிடித்திருக்கின்றன. ஒரு டோக்கியோ செய்தித்தாளின் முகப்பில் அச்சாகியிருந்த படத்தைப் பார்த்துச் செதுக்கியவை. அவற்றுக்குக் கீழே ஜப்பானியக் கோயில் மரபில் ஒரு டிராகன். ஜன்னல்களில் கண்ணாடி; ஊரார் அதைக் கண்ணாடிப் பள்ளி என்றே அழைத்தார்கள். உள்ளே புழங்கும் மரங்களிலும் கதவுகளிலும் பல, மூடப்பட்ட புத்த கோயில்களிலிருந்து வந்தவை. டிராகன் செதுக்கிய கதவுகள் அப்படி ஒரு கோயிலின் உடைமை.

செலவு ஏறத்தாழ 11,000 யென். அதில் 70 சதவீதத்தை ஊர் மக்கள் நன்கொடையாகக் கொடுத்தார்கள். கோபுரம் ஏலத்தில் போன தொகையோடு ஒப்பிட்டால், ஊர் எதற்குப் பணம் கொடுக்கத் தயாராக இருந்தது என்பது தெளிவாகத் தெரியும். அந்தப் பள்ளி பின்னர் 1963 வரை பள்ளியாகவே இயங்கியது. 2019இல் ஜப்பானின் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டது.

கோயிலைப் பிரித்துப் பள்ளி கட்டிய கைகளும் கோபுரத்தைப் பிரிக்க விடாத கைகளும் ஒரே ஊரின் கைகள்தான். ஊர் பழையதை விடவுமில்லை, பிடித்துக்கொள்ளவுமில்லை. எது நாளைக்கு உதவும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. அந்தப் பார்வையில் கோயில்களுக்கு இழைத்தது அநீதி. பிள்ளைகளுக்கும் கோபுரத்துக்கும் நல்லது நடந்தது.

ஒரே கோடையில்

1876 ஏப்ரலில் பள்ளி திறந்தபோது மாட்சுமோட்டோ ஒரு தலைநகருக்குரிய எல்லாம் உள்ள ஊர்: மாகாண அலுவலகம், செய்தித்தாள், பொருட்காட்சி, நாடே பேசும் பள்ளி. ஒரே ஒரு குறை, அந்தப் பள்ளிக்கு உந்துதலாக இருந்த நகயாமா முந்தைய ஆண்டின் இறுதியிலேயே நீகாதாவுக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

ஜூன் மாதம் தீ பிடித்தது. மாகாண அலுவலகமாக இருந்த இரண்டாம் வளாகத்து அரண்மனை எரிந்து சாம்பலானது. உள்வளாகத்து அரண்மனை 1727இலேயே தீக்கிரையாகியிருந்ததால், பிரபுக்கள் வாழ்ந்த பெரிய வீடு என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. கோபுரம் தப்பியது.

ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 21 அன்று, சிகுமா மாகாணமே ஒழிக்கப்பட்டது. ஹிதா கிஃபு மாகாணத்தோடு போனது. ஷினானோவின் தென்பாதி வடக்கே இருந்த நகானோ மாகாணத்தோடு சேர்ந்தது. தலைநகர் நகானோ. தீயால்தான் தலைநகர் போனது என்று ஊரில் பின்னாளில் பேச்சு நிலைத்தது. தீ ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அலுவலகமே இல்லாத ஊருக்காக வாதாடுவது கடினம். ஆனால் அந்த ஆண்டு அரசு நாடு முழுவதிலும் மாகாணங்களைக் குறைத்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் முடிவில் மிஞ்சியவை 35 மாகாணங்களும் 3 பெருநகர்ப் பகுதிகளும் மட்டுமே. எரியாமல் இருந்திருந்தாலும் சிகுமா தப்பியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். நகானோ ஒரு பெரிய புத்த கோயிலின் வாசலில் வளர்ந்த ஊர். மாட்சுமோட்டோ கோட்டையின் வாசலில் வளர்ந்த ஊர். இரண்டுக்கும் இடையே அன்று விழுந்த கீறல் பல தலைமுறைகள் ஆறவில்லை. தலைநகரை எங்கே வைப்பது, மாகாணத்தை இரண்டாகப் பிரிப்பதா என்ற சண்டை அடுத்த நூற்றாண்டின் நடுவரை திரும்பத் திரும்ப எழுந்தது. அதை வரும் பகுதிகளில் விரிவாகக் காணலாம்.

கோபுரத்துக்கோ அந்தக் கோடை இன்னும் நேரடியான இழப்பைக் கொண்டுவந்தது. அனுமதி தந்த மாகாணம் இல்லை. அலுவலகத்துக்கு நாள்தோறும் வந்துபோன கூட்டம் இல்லை. பொருட்காட்சிகளும் அந்த ஆண்டோடு நின்றன. பயன் இருக்கிறது என்று சொல்லிக் காப்பாற்றப்பட்ட கட்டடம் மீண்டும் பயனற்றதானது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. கோபுரம் நிற்பது ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய இளகிய மண்ணில். ஏறத்தாழ 1,000 டன் எடை கற்பீடத்தை அழுத்திவிடாதபடி, பீடத்தின் உள்ளே 16 மரத்தூண்களை இஷிகவாவின் ஆட்கள் நட்டு, அவற்றின் மேல் கோபுரத்தைத் தாங்கவிட்டிருந்தார்கள். மண்ணுக்குள் புதைந்த அந்தத் தூண்கள் அழுகிக்கொண்டிருந்தன. தூண்கள் குறுகக் குறுகக் கோபுரம் ஒரு பக்கமாகச் சாயும். சாய்வு தெரிய ஆரம்பித்தபோது ஊரார் காரணத்தை மண்ணில் தேடவில்லை; தண்டனைக் களத்தில் ததா கசுகே கோட்டையை முறைத்த முறைப்பில் அது சாய்ந்துபோனது என்று பேசிக்கொண்டார்கள்.

235 ரியோவுக்கு விலைபோன கோபுரத்தை நிமிர்த்த அதைப்போலப் பல மடங்கு வேண்டும். பிரபு இல்லை, மாகாணம் இல்லை, பொருட்காட்சி இல்லை. இச்சிகவா ஒரு முறை இடிப்பிலிருந்து காப்பாற்றினார். தானாக விழப்போவதிலிருந்து அதைக் காப்பாற்றப்போவது யார்?

(தொடரும்)